சுவர்தானே என்கிறீர்கள்

சண்டிகரில், கழிவுப் பொருட்களால் ஆன சிற்பத் தோட்டமான ராக் கார்டனின் சுவரை, பக்கத்து உயர் நீதிமன்றத்துக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று இடித்ததற்கு நான் வருத்தப்பட்டபோது, "சிலை எதுவும் உடையவில்லையே, சுவர்தானே போயிற்று" என்று எனக்கு ஆறுதல் சொன்ன அன்பர்கள் அனைவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நேக் சந்த் என்ற தனிமனிதர் எழுப்பிய அந்தத் தோட்டத்தில் சுவர் வேறு, சிற்பம் வேறு அல்ல.

அவர் எந்தக் கலைக் கல்லூரி வாசலையும் மிதிக்காதவர். 1924இல் இன்றைய பாகிஸ்தானில் பிறந்து, பிரிவினையில் இந்தப் பக்கம் வந்து, பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வடிவமைத்த புதிய நகரமான சண்டிகருக்காகக் கிராமங்கள் இடிக்கப்பட்டபோது, அந்த இடிபாடுகளில் கிடந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டு என அனைத்தையும் சைக்கிளில் அள்ளிவந்து, கட்டடம் எழுப்பத் தடை இருந்த அரசுக் காட்டில் 1950களின் இறுதியிலிருந்து ஒருவருக்கும் தெரியாமல் தன் ராஜ்ஜியத்தை உருவாக்கினார்.

"அப்படியானால் ஆக்கிரமிப்புதானே?" ஆம், ஆக்கிரமிப்புதான். அந்த ஆக்கிரமிப்பை 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டு, ஆக்கிரமித்தவருக்கே சம்பளமும் ஆட்களும் கொடுத்துத் தொடரச் சொல்லி, 1984இல் பத்மஸ்ரீயும் அளித்தது அரசுதான். சட்டம் பேசுபவர்கள் அதையும் சேர்த்துப் பேசட்டும்.

"நீதிமன்றத்துக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டாமா?" வேண்டும். அந்த உயர் நீதிமன்றம் இருக்கும் கார்பூசியேயின் வளாகம் 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள கான்கிரீட் சுவர் ஒன்றைக் காட்டி "சுவர்தானே" என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்! படித்தவர் கட்டினால் பாரம்பரியம், படிக்காதவர் கட்டினால் பார்க்கிங்குக்கு இடைஞ்சல். "திரும்பக் கட்டிக்கொள்ளலாமே" என்கிறார்கள். தாராளமாகக் கட்டலாம், கட்டியவர்தான் 2015இல் போய்விட்டார்.

நான் அங்கே போயிருந்தபோது, சிலைகளை விட்டுவிட்டு, பழைய மின் சாதனப் பீங்கான்களை வரிசையாகப் பதித்த ஒரு சுவரின் முன்புதான் வெகுநேரம் நின்றேன். காரணம் என் அப்பா. மின்வாரியத்தில் வேலை பார்த்த அவர், ஊரில் பழைய வீடு இடிபடுகிறது என்று கேள்விப்பட்டால் போதும், உடைந்த சுதைப் பூவேலையையும் மரத்தூணின் உச்சியில் இருக்கும் போதிகையையும் கேட்டு வாங்கி வந்துவிடுவார். அந்தப் போதிகையின் தாமரை மொட்டில் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்து, இதழின் விளிம்பு எங்கே மெலிகிறது என்று கண்டுபிடித்து, சிமென்ட்டில் அதேபோல் பிடிப்பார். சொல்லித்தர ஆளில்லை, சிமென்ட் அரித்த விரல்களோடுதான் சாப்பிட உட்காருவார். "அண்ணனுக்குப் பொழுது போகவில்லை" என்பார் சித்தப்பா.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். இருக்கட்டும். உங்கள் வீட்டுக் குப்பையை அப்படி யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அப்பா காலமான பிறகு, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அந்த உருவங்கள் பதித்த கொல்லைச் சுவரை ஆள் வைத்து இடித்தவரும் சித்தப்பாதான். சென்ற ஆண்டு வடக்கே சுற்றுலா போனவர், ராக் கார்டனில் நின்று எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு, "என்ன ஒரு கைத்திறமை!" என்று எழுதியிருந்தார். இப்போது அவரும்தான் எனக்குச் சொல்கிறார், சுவர்தானே என்று.