ஊரே முதலாளிதான், மேட்ச் பார்க்கப் போக பஸ்தான் இல்ல

கனடாவோட சஸ்காச்சுவான் மாகாணத்து ஃபுட்பால் டீமான சஸ்காச்சுவான் ரஃப்ரைடர்ஸுக்குக் கோடீஸ்வர முதலாளின்னு யாரும் கிடையாது, மக்களேதான் முதலாளின்னு அந்த மாகாணத்துல பெட்ரோல் பங்க்ல காசு வாங்குறவர் வரைக்கும் பெருமை பேசுறாங்க. பேசட்டும். உண்மையிலேயே பெருமையான விஷயம்தான். ஆனா அந்த முதலாளிங்க தங்களோட டீம் ஆடுறதைப் போய்ப் பார்க்க ஒரு பஸ் இருக்கான்னு கேட்டா பேந்தப் பேந்த முழிக்கிறாங்க. பஸ்ஸா? எதுக்கு? காரை எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?

என்கிட்ட கார் இல்லய்யா! டொராண்டோவுல சப்வேயிலயும் ஸ்ட்ரீட்கார்லயும் காலத்தை ஓட்டிட்டேன், வண்டி ஓட்டணும்ங்கிற தேவையே வரல. சித்தப்பா பையன் சஸ்காச்சுவான்ல ஒரு சின்ன ஊர்ல மருந்துக்கடையில பார்மசிஸ்ட். "வாண்ணா, வயலைப் பாரு, வானத்தைப் பாரு, அப்படியே ரெஜைனா போய் மேட்ச் பாரு"ன்னு கூப்பிட்டான். போனேன். வயல் இருந்துச்சு. வானம் வேண்டிய அளவு இருந்துச்சு. மேட்ச் இரண்டு மணி நேரக் கார் தூரத்துல இருந்துச்சு. அவனுக்கு சனிக்கிழமை டியூட்டி. "பஸ்ல போயிடுறேன்டா"ன்னு நான் சொன்னதும் கடையில இருந்த மொத்தப் பேரும் திரும்பிப் பார்த்தாங்க.

விளையாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பேரு ஃபுட்பால்னாலும் இது நம்ம கால்பந்து இல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு ஓடுறது, ஓடுறவன் மேல நாலு பேர் பாய்றது. அமெரிக்காவுல ஒரு பக்கம் 11 பேர்னா கனடாவுல 12 பேர். பத்து கஜம் முன்னேற அங்க நாலு வாய்ப்பு, இங்க மூணே மூணு. ரைடர்ஸ் 1910ல ரெஜைனா ரக்பி கிளப்னு ஆரம்பிச்ச டீம். 1987ல டீம் மூழ்கப் போகுதுன்னதும் டிவியில உட்கார்ந்து மக்கள்கிட்டயே நிதி திரட்டிக் காப்பாத்துனாங்க. 2004ல இருந்து ஷேர் வித்தாங்க, ஒண்ணு 250 டாலர். லாபத்துல பங்கெல்லாம் கிடையாது, ஆண்டுக் கூட்டத்துல ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். அதுக்கும் சனம் வாங்குச்சு. பக்கத்து மாகாணத்து எட்மன்டன்காரங்களும் தங்களோட டீமை இப்படித்தான் 75 வருஷம் ஊர்ச் சொத்தா வெச்சிருந்தாங்க, 2024ல ஒரு தனியாருக்கு வித்துட்டாங்க. இவங்க விக்கல. அதுக்காக இவங்களுக்கு ஒரு கும்பிடு. கும்பிட்டாச்சு, இப்போ திட்டப் போறேன்.

தம்பி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பாட்டி இருக்காங்க. ஹால்ல பேரப்பிள்ளைங்க பட்டமளிப்பு போட்டோவுக்கு நடுவுல அந்த ஷேர் சான்றிதழை சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. தூசி கிடையாது, தினமும் துடைக்கிறாங்க போல. கண்ணுல விழித்திரைக் கோளாறு, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. முன்னாடியெல்லாம் எப்படிப் போவீங்கன்னு கேட்டேன். "பஸ் வருமே. காலையில பெட்ரோல் பங்க் வாசல்ல ஏறுவேன், ரெஜைனாவுல தங்கச்சி வீட்டுல தங்கிட்டு மறுநாள் வந்துடுவேன்"னாங்க. இப்போ? "டிவியிலதான். அதுலயும் கண்ணுக்குப் பச்சை மட்டும்தான் தெரியுது. நம்ம பசங்க சட்டையும் பச்சை, தரையும் பச்சை. யார் எங்க ஓடுறான்னு சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிக்கிறேன்"னு சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரல, வயிறுதான் எரிஞ்சது.

அவங்க சொன்ன பஸ் என்னன்னா, எஸ்டிசி. சஸ்காச்சுவான் டிரான்ஸ்போர்ட்டேஷன் கம்பெனி. 1946ல டாமி டக்ளஸ் அரசாங்கம் ஆரம்பிச்ச அரசு பஸ். இருநூத்தைம்பதுக்கும் மேல ஊர்களைத் தொட்டு ஓடிச்சு. ஆளை மட்டுமா ஏத்துச்சு? மருந்து, அறுவடை நேரத்துல உடைஞ்ச மெஷினுக்கு உதிரி பாகம், நூலகப் புத்தகம் எல்லாம் அதுலதான் போச்சு. கேன்சர் சிகிச்சைக்கு சஸ்கட்டூனுக்கும் ரெஜைனாவுக்கும் போறவங்க அதை நம்பித்தான் இருந்தாங்க. 2017 மார்ச் பட்ஜெட்ல பிராட் வால் அரசாங்கம் அதை இழுத்து மூடுறதா அறிவிச்சது. காரணம்? நஷ்டம். அஞ்சு வருஷத்துல 85 மில்லியன் டாலர் மானியம் கொடுக்க வேண்டியிருக்கும், நம்மால முடியாதுன்னாங்க.

இப்போ தேதியைப் பாருங்க. 2017 மே 31, கடைசி பஸ். 2017 ஜூலை 1, புத்தம் புது மொசைக் ஸ்டேடியத்துல ரைடர்ஸோட முதல் சீசன் ஆட்டம். நடுவுல ஒரே மாசம்! அந்த ஸ்டேடியத்துக்கு ஆன செலவு 278 மில்லியன் டாலர். அதுல மாகாண அரசு சும்மா தூக்கிக் கொடுத்தது 80 மில்லியன். அது போக 100 மில்லியன் கடன் வேற. ஸ்டேடியத்துக்கு 80 இருந்துச்சு, பஸ்ஸுக்கு 85 இல்ல. கணக்கு வாத்தியார் யாராச்சும் இருந்தா வந்து எனக்கு விளக்குங்கப்பா.

"ஸ்டேடியம் ஒரே தடவை செலவு, பஸ் வருஷா வருஷம் செலவு"ன்னு ஒருத்தர் எனக்குப் பாடம் எடுத்தார். சரி. "பஸ்ல ஆளே இல்ல, வருஷத்துக்கு ரெண்டு லட்சம் பேர்கூட ஏறல"ன்னார். அதுவும் சரிதான், கடைசி வருஷங்கள்ல கூட்டம் நிஜமாவே குறைஞ்சுபோச்சு, தேறுன ரூட்டும் ரொம்பக் கம்மி. ஆனா ஸ்டேடியத்துல எத்தனை சீட்? 33,350. சீசன்ல சொந்த மண்ணுல எத்தனை ஆட்டம்? ஒன்பது. ஒரு சீட் காலியில்லாம நிரம்பினாலும் மூணு லட்சம். அந்த மூணு லட்சத்தைப் பார்த்து யாராவது "ஆளே இல்ல, இழுத்து மூடு"ன்னு சொல்லியிருக்காங்களா? கிழவியும் நோயாளியும் பஸ்ல போனா நஷ்டம், பச்சை சட்டை போட்டவன் சீட்ல உட்கார்ந்தா மாகாணத்தோட பெருமை!

சரி, அரசாங்கம் போனா தனியார் வருவாங்கன்னாங்க. வந்தாங்க. பெரிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் நடுவுல, லாபம் வர்ற ரோட்டுல மட்டும். உள்ளே தள்ளியிருக்கிற ஊருக்கு எவன் வர்றான்? அடுத்த வருஷமே, 2018 அக்டோபர் கடைசியில, கிரேஹவுண்ட்ங்கிற பெரிய தனியார் பஸ் கம்பெனியும் மேற்குக் கனடாவை விட்டு மூட்டை கட்டிடுச்சு. காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றின தேசிய விசாரணைக் குழு 2019 அறிக்கையில, ஒதுக்குப்புற ஊர்களுக்குப் பாதுகாப்பான போக்குவரத்து வேணும்னு தனியா ஒரு கோரிக்கையே வெச்சது. மேட்ச் பார்க்க முடியலைன்னு நான் கத்துறது அதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லைன்னு எனக்கும் தெரியும். ஆனா பஸ் அதே பஸ்தானே?

ரயிலாவது இருக்கான்னு கேட்காதீங்க. மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்கு 1990ல இருந்து பயணிகள் ரயில் கிடையாது. அழகான பழைய யூனியன் ஸ்டேஷன் இருக்கு, 1996ல இருந்து அது கேசினோ. எஸ்டிசியோட பஸ் நிலையம் என்ன ஆச்சு? 2008ல திறந்த கட்டடம், பத்து வருஷம்கூட பஸ் பார்க்கல, நகராட்சி வாங்கி போலீஸ் தலைமையகம் ஆக்கிடுச்சு. ரயில் நிலையத்துல சூதாடலாம், பஸ் நிலையத்துல புகார் கொடுக்கலாம். ஊரை விட்டுத்தான் எங்கயும் போக முடியாது.

நான் எப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்னா, பாட்டிக்குத் தெரிஞ்ச ஒரு விவசாயியோட பிக்அப்ல. தங்கமான மனுஷன். ஆனா அவர் மேட்சுக்கு மட்டும் போகல, போற வழியில ஏதோ பெல்ட் வாங்கணும், ஒரு நாயை மச்சான் வீட்டுல விடணும். அந்த நாய் பாதி வழி என் மடியிலதான் இருந்துச்சு. ஆட்டம் தொடங்கி முதல் கால்பகுதி முடியுற நேரத்துலதான் நான் சீட்ல உட்கார்ந்தேன்.

ஸ்டேடியத்தைக் குறை சொல்ல முடியல, அதுதான் இன்னும் எரிச்சல். தரைமட்டத்துக்குக் கீழே கிண்ணம் மாதிரி தோண்டி மைதானத்தை உள்ளே இறக்கியிருக்காங்க. வெளியே சமவெளிக் காத்து ஆளைத் தள்ளுது, உள்ளே இறங்கினா அடங்கிப்போகுது. வாசல் தாண்டினதும் சுத்துப்பாதை, அதுல நடந்துக்கிட்டே மைதானத்தைப் பார்க்கலாம். எனக்கு முன்வரிசையில ஒரு குடும்பம், அப்பா, அம்மா, ரெண்டு பசங்க, நாலு பேர் தலையிலயும் தர்பூசணி. ஆமாங்க, நிஜத் தர்பூசணி. பாதியா வெட்டி, உள்ளே சுரண்டி, ஹெல்மெட் மாதிரி கவுத்துக்கிறாங்க, அதுதான் இந்த டீமோட அடையாளம். அந்தச் சின்னப் பையனுக்குக் காதோரமா சாறு வழிஞ்சு சட்டை காலர் சிவந்துபோச்சு, துடைக்கவே இல்ல. டச்டவுன் (நம்ம கோல் மாதிரி) வந்தப்போ எழுந்து குதிச்சான், ஒரு விதை என் கன்னத்துல வந்து ஒட்டுச்சு. எங்க இருந்து வர்றீங்கன்னு அவங்க அப்பாகிட்ட கேட்டேன். மூணு மணி நேரம் ஓட்டிட்டு வந்தாராம், இன்னைக்கு ராத்திரியே திரும்பணுமாம், காலையில மாட்டுக்கு வேலை இருக்காம்.

ஆட்ட நாள்ல ரெஜைனாவுக்குள்ள மால்ல இருந்தெல்லாம் ஸ்டேடியத்துக்கு நகர பஸ் விடுறாங்க. வரிசையா நிக்குது, ஒழுங்கா ஏத்துறாங்க, ஒழுங்கா இறக்குறாங்க. ஆக, பஸ் விடத் தெரியாதவங்க இல்ல. நகர எல்லையோட தெரிஞ்சது எல்லாம் மறந்துபோகுது. டீமோட பேர்ல இருக்கிறது ரெஜைனா கிடையாது, மொத்த சஸ்காச்சுவானும். ஆறரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் உரிமை கொண்டாடுறீங்க, சட்டை விக்கிறீங்க, ஷேர் வித்தீங்க, டிக்கெட்டுக்கு 12 டாலர் ஸ்டேடியக் கட்டணம்னு சேர்த்து அந்த 100 மில்லியன் கடனை அடைக்கிறீங்க. அந்த 12 டாலரை மூணு மணி நேரம் ஓட்டிட்டு வர்றவரும்தானே கொடுக்கிறார்? வருஷத்துல ஒன்பது நாள், நாலு திசைக்கும் நாலு பஸ். டீம் நடத்தட்டும், மாகாணம் நடத்தட்டும், ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கட்டும். 2025ல அஞ்சாவது முறையா இந்த லீக்கோட கிரே கோப்பையை ஜெயிச்சிருக்கீங்க, கையில காசு இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க.

என் ராத்திரிக் கதையையும் கேளுங்க. விவசாயி மச்சான் வீட்டுலயே தங்கிட்டார். நான் ஒரு மோட்டல்ல ரூம் கேட்டேன், ஆட்ட நாளாம், சாதா நாள் வாடகையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. கார்ப்பெட்ல ஈர நாத்தம், ஹீட்டர்ல டிராக்டர் சத்தம். மறுநாள் ஒரு தனியார் வேன், நெடுஞ்சாலை வரைக்கும்தான் வருமாம், அதுவும் ஒரு மணி நேரம் லேட். எங்க நிக்கணும்னு சொல்ல ஒரு போர்டு கிடையாது. டோனட் கடை பார்க்கிங்ல பெட்டியை வெச்சுக்கிட்டு, வர்ற ஒவ்வொரு வெள்ளை வேனையும் கை காட்டி நிறுத்திக் கேட்டேன். ஒருத்தர் கார்ப்பெட் கழுவுறவர். இன்னொருத்தர் சவ அடக்கக் கம்பெனி, "இப்போதைக்கு உங்களுக்குத் தேவைப்படாது"ன்னார். அங்க இருந்து தம்பி வந்து கூட்டிட்டுப் போனான், வழி பூரா "அண்ணா, லைசென்ஸ் எடுத்துடேன்"னு அட்வைஸ்.

எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. லைசென்ஸ் எடு. யோவ், அந்தப் பாட்டி ஐம்பது வருஷம் லைசென்ஸ் வெச்சிருந்தவங்கதான், கண்ணு போனா என்ன எடுக்கிறது? பதினஞ்சு வயசுப் பையன் எதை எடுப்பான்? இன்னொண்ணு, ஸ்டேடியத்துல நாலு திசையிலயும் பீர். ஆட்டம் பூரா அந்த வரிசை குறையவே இல்ல. குடிச்சுட்டு வண்டி ஓட்டுற வழக்குல கனடா மாகாணங்கள்ல பல வருஷமா முன்வரிசையில நிக்கிறது சஸ்காச்சுவான். வாங்கிக் குடிங்கன்னு கொடுத்துட்டு, இருட்டுல மான் குறுக்க ஓடுற ரோட்டுல இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போங்கன்னு அனுப்புறதுக்குப் பேரு என்ன ஏற்பாடு?

இதுக்கப்புறமும் எவனாவது "கார்ல போக வேண்டியதுதானே"ன்னு வந்தா, தாராளமா வரட்டும். அடுத்த ஆட்டத்துக்கு அவனே வந்து எங்களை ஏத்திட்டுப் போகட்டும். முன் சீட் பாட்டிக்கு. நாய் அவன் மடியில.