ஒரு 'ன'வுக்கு இத்தனை பாடா?

மென்பொருள் கையேட்டில் 'கோப்புகள் அழிக்கப்பட்டது' என்று இருந்தது. பன்மைக்கு 'அழிக்கப்பட்டன' என்றுதானே வரவேண்டும்? திருத்தி அனுப்பினேன். 'பொருள்தான் புரிகிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?' என்று பதில் வந்தது. செருப்புக்குள் கல் கிடந்தாலும் நடக்கலாம்தான்.

அடுத்த பத்தி அதைவிடக் கொடுமை: 'இந்த அமைப்பு உங்களால் மாற்றப்பட முடியும்.' யாராவது வாய்திறந்து இப்படிப் பேசுவார்களா? 'இந்த அமைப்பை நீங்கள் மாற்றலாம்' என்றால் போதாதா? ஒரு வரியில் 'பொத்தானை அழுத்தவும்' என்று பணிவு. அடுத்த வரியில் அதே பொத்தானுக்கு 'விசையை சொடுக்கு' என்று அதட்டல். (அங்கே 'ச்' காணாமல்போனது தனிக் கதை.)

நான்கு நாள் வாதாடியபின் ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். ஆசையாகப் புதிய பதிப்பைத் திறந்தேன். 'கோப்பு அழிக்கப்பட்டன' என்று இருக்கிறது.