நாங்கள் நடந்து திரிந்த ஊரை யாரைக் கேட்டு இடித்தீர்கள்?

மூடி வைத்த கதவைக்கூட மன்னித்துவிடலாம். திறந்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் எங்களை உள்ளே புழங்கவிட்டு, பிறகு பேட்ச் என்று சொல்லும் ஒரே ஒரு மென்பொருள் திருத்தத்தை வெளியிட்டு இருந்த சுவடே தெரியாமல் துடைத்துவிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிளிஸார்ட் நிறுவனத்தின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பற்றித்தான் சொல்கிறேன். 2004 நவம்பரில் வெளிவந்த, இணையத்தில் பலர் ஒரே உலகத்துக்குள் சேர்ந்து ஆடும் விளையாட்டு. இன்றும் சந்தா கட்டி ஆடுகிறார்கள், நானும் ஆடுகிறேன். விட்டுவிட்டுப் போனவர்களுக்கு இது பழங்கதை. உள்ளேயே இருப்பவனுக்கு இது தினமும் கண்ணில் படுகிற வெற்றிடம்.

முதலில் மூடிய கதவுகள். அந்த விளையாட்டு வந்த காலத்தில் அதன் உலகம் முழுக்கப் பூட்டிய வாசல்கள் இருந்தன. டனாரிஸ் பாலைவனத்தின் தெற்கே மலைச்சுவரில் உல்டம் என்ற பிரமாண்டமான கதவு. சில்வர்பைன் காட்டைத் தாண்டினால் கில்னியாஸ் நாட்டை அடைத்து நிற்கும் கிரேமேன் மதில். அயர்ன்ஃபோர்ஜ் மலைக்கு மேலே யாரும் நடந்து போய்ச் சேர முடியாத ஒரு விமானத்தளம். இவற்றைப் பார்க்கும்போது கோபம் வந்ததில்லை. உலகம் இன்னும் முடியவில்லை, அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது என்ற ஆசைதான் வந்தது. நள்ளிரவில் பாறை பாறையாகத் தாவி, இடுக்கில் கால் வைத்து, வரைபடத்தில் பெயரே இல்லாத இடங்களுக்கு ஏறிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. தங்கமோ ஆயுதமோ திருடவில்லை. பார்க்கத்தான் போனார்கள். அவர்களைக் குற்றவாளிகளைப் போல மேற்பார்வையாளர்கள் வெளியே தூக்கிப் போட்டார்கள். மலைச்சரிவில் தாவி ஏறும் வழியையே பின்னால் வந்த ஒரு பேட்ச் அடைத்துவிட்டது. ஆர்வத்தோடு சுற்றிப் பார்ப்பவனை விரட்டும் சாகச விளையாட்டு என்ன சாகச விளையாட்டு?

கரஸான் கோபுரத்துக்குக் கீழே இருக்கும் நிலவறையைச் சொல்ல வேண்டும். டெட்விண்ட் கணவாயில், கோபுரத்தின் பின்புறம் ஒரு சிறிய கல்லறைத் தோட்டம். அங்கே ஓர் இரும்புக் கதவு. கதவு திறக்காது. ஆனால் வாசலருகே செத்து, ஆவியாக உள்ளே நுழைந்து, கதவுக்கு அந்தப் பக்கம் உயிர்த்தெழும் வித்தையை யாரோ கண்டுபிடித்தார்கள். உள்ளே கிளை கிளையாகப் பிரியும் சுரங்க வழிகள், எலும்புக் குவியல்கள், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பெயர். கடைசியில் தண்ணீர் நிறைந்த ஓர் அறை. மூழ்கிப் பார்த்தால், காலில் சங்கிலி கட்டித் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட உடல்கள் வரிசையாக மிதக்கின்றன. அந்த இடத்துக்கு விளையாட்டே வைத்திருந்த பெயர் 'தலைகீழ்ப் பாவிகள்'. குவெஸ்ட் என்று சொல்லும் பணி எதுவும் இல்லை, எதிரி இல்லை, பரிசு இல்லை. முழுதாகச் செதுக்கி, பெயர் சூட்டி, பூட்டிவிட்டார்கள். யாரோ ஒரு கலைஞர் பல வாரங்கள் உட்கார்ந்து செய்த வேலை அது, பார்த்தாலே தெரியும். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பருவகாலச் சர்வரில் மட்டும் அதை டஞ்சனாக, அதாவது குழுவாக இறங்கிச் சண்டையிடும் இடமாகத் திறந்தார்கள். திறக்க முடியும் என்றால் இத்தனை காலம் ஏன் பூட்டி வைத்தீர்கள்? திறந்ததையும் ஏன் எல்லோருக்கும் திறக்கவில்லை?

ஹைஜால் மலையின் கதை இன்னும் மோசம். 2002இல் வந்த மூன்றாம் வார்கிராஃப்டின் இறுதிப் போர் நடந்த இடம் அது. ஆர்க்கிமாண்ட் என்ற அசுரத் தலைவன் விழுந்த இடம். அந்தக் கதையை முடித்துவிட்டு இந்த விளையாட்டுக்கு வந்தவர்கள் முதலில் தேடியது அந்த மலையைத்தான். வழி பூட்டியிருந்தது. பூட்டை மீறி உள்ளே போனவர்கள் எடுத்த படங்களில், கருகிய பெருமரத்தில் ஆர்க்கிமாண்டின் எலும்புக்கூடு சிக்கியிருக்கும். ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம். 2010இல் கதவு திறந்தபோது உள்ளே இருந்தது அந்த மலை அல்ல. தீப்பற்றி எரியும் வேறொரு மலை, வேறொரு எதிரி, வேறொரு கதை. திறப்பதற்கு முன்பே அழித்துவிட்டார்கள். பலர் கனவில் வைத்திருந்த, போர் ஓய்ந்த பிறகான அந்த மலையை நேர்வழியில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

இதையெல்லாம்கூட ஒரு பெருமூச்சோடு விட்டுவிடுவேன். கட்டி முடிக்காத வீட்டுக்குள் ஆளை விட முடியாது என்றால் எனக்குப் புரியும். 2010 நவம்பர் 23 அன்று நடந்ததுதான் எனக்குப் புரிய மறுக்கிறது.

அந்தத் தேதியில் வந்த பேட்ச், கேட்டக்ளிசம் (பிரளயம்) என்ற எக்ஸ்பான்ஷனுக்கு, அதாவது விரிவாக்கப் பதிப்புக்கு முன்னோட்டமாக, இரண்டு பழைய கண்டங்களையும் ஒரே நாளில் உடைத்துப் போட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக நிறுவனம் பெருமையாக அறிவித்திருந்தது. அத்தனை பேர் குடியிருந்த உலகம் அது. முந்தைய நாள் வரை நின்ற ஊர், மறுநாள் உள்ளே நுழைந்தால் இல்லை. பார்க்க வேண்டுமென்றால் யாராவது எடுத்து வைத்த வீடியோதான் கதி.

டார்க்ஷோர் பகுதியின் ஆபர்டைன் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நைட் எல்ஃப் இனத்தில் பாத்திரம் தொடங்கிய எல்லோரும் பெருமரத் தீவிலிருந்து முதல் கப்பலேறி இறங்கிய ஊர். எப்போதும் அந்தி நேரம்போல் மங்கிய வெளிச்சம், மரப்பலகைத் துறை, அடுத்த கப்பல் வரும்வரை அங்கே நின்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கும் புதியவர்கள். கடல் கடந்து மெனத்தில் துறைமுகத்துக்குக் கப்பல் பிடிக்கவும் இங்கே வருவார்கள். காத்திருக்க வேறு வழியில்லாததால்தான் அங்கே நட்பு உண்டானது. அந்த ஊரை இடிபாடாக்கிவிட்டு, வடக்கே லார்டனல் என்று ஒரு புதிய குடியிருப்பை வைத்தார்கள். லார்டனலில் குறையொன்றும் இல்லை. ஆனால் அது ஆபர்டைன் இல்லை.

தவுசண்ட் நீடில்ஸ் பள்ளத்தாக்கு, கல்தூண்கள் வானைக் குத்தி நிற்கும் வறண்ட நிலம். பக்கத்துப் பேரன்ஸ் பகுதியிலிருந்து பெரிய மரத்தூக்கியில் இறங்கி அதற்குள் போகும்போது, கீழே பார்த்தால் வயிறு கலங்கும். தெற்கே பளபளக்கும் உப்புவெளியில் கோப்ளின்களும் நோம்களும் ஓட்டிய பந்தயத்தடம். கடல் உடைத்துக்கொண்டு வந்ததாகக் கதை சொல்லி அத்தனையையும் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். ஹில்ஸ்பிராட்டில், அலயன்ஸ், ஹோர்ட் என்ற இரு எதிர்த்தரப்புகளின் ஊர்களான சவுத்ஷோருக்கும் டாரன் மில்லுக்கும் நடுவே நடந்த சண்டைகளை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, பரிசும் அறிவிக்கவில்லை. ஆடியவர்கள் தாங்களே உண்டாக்கியது அது. இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே மிக இயல்பாகப் பிறந்த ஒன்று. சவுத்ஷோரை நச்சுக் குழம்பில் மூழ்கடித்து அழித்தார்கள். பிறகு 2014இல் பத்தாம் ஆண்டு விழாவுக்காக அதே ஊரை, அதே சண்டையை, தனிப் போர்க்களமாக மறுபடி கட்டினார்கள். சில வாரங்கள் காட்டினார்கள். எடுத்துக்கொண்டார்கள். அழித்தது போதாதென்று, திருப்பிக் கட்டவும் முடியும் என்று காட்டிவிட்டுப் பறித்ததுதான் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

கதைக்கு நேர்ந்த காயத்தையும் சொல்கிறேன். நார்த்ரெண்ட் கண்டத்தில் ராத்கேட் என்ற வாயிலில் இரு தரப்புப் படைகளும் லிச் கிங் என்ற இறந்தோர் படைத் தலைவனை எதிர்த்து நிற்க, அவர்கள் எல்லோர் மேலும் நஞ்சு பொழியப்படும் காட்சி இருக்கிறது. இந்த விளையாட்டின் மிகச் சிறந்த காட்சி அதுதான் என்பேன். அது முடிந்ததும், துரோகத்துக்குக் கணக்குத் தீர்க்க அண்டர்சிட்டி நகரத்துக்குள் தலைவர்களோடு சேர்ந்து படையெடுத்துப் போகும் குவெஸ்ட் வரும். அந்தப் படையெடுப்பை 2010இல் நீக்கிவிட்டார்கள். காட்சி மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று புதிதாக ஆடுகிறவர் அந்த அதிர்ச்சியைப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன ஆயிற்று என்று தேடுவார். ஒன்றும் இருக்காது.

நியாயமான காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2004இல் கட்டிய அந்த உலகம் தரையில் நடப்பவர்களுக்காகக் கட்டப்பட்டது. ஸ்டார்ம்விண்ட் நகரத்தில் பல கட்டடங்களுக்குப் பின்பக்கமே கிடையாது. மலைகளுக்கு நடுவே வெறும் ஓட்டைகள். கேட்டக்ளிசத்தில் அங்கெல்லாம் பறக்க அனுமதித்தபோது திருத்திக் கட்டியே ஆக வேண்டியிருந்தது. பல பகுதிகளின் குவெஸ்ட்களும் பழசாகிப் போயிருந்தன. புதிதாகக் கட்டுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? பழையதன் கதவை ஏன் இடித்தீர்கள் என்பதுதான் கேள்வி.

முடியாது என்ற பேச்சை இவர்களே பொய்யாக்கிவிட்டார்கள். விளையாட்டுக்குள் ஸிடோர்மி என்று ஒரு பாத்திரம் நிற்கிறாள். அவளிடம் பேசினால் அந்தப் பகுதியின் பழைய வடிவத்துக்கு அனுப்புவாள். 2012இல் குண்டு போட்டு அழித்த தெரமோர் நகரம் அவளிடம் கேட்டால் முழுசாகக் கிடைக்கும். 2018இல் எரித்த டெல்ட்ரஸில் மரமும், நஞ்சில் கைவிட்ட அண்டர்சிட்டியும் அப்படித்தான். நல்ல ஏற்பாடு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் டார்க்ஷோரில் அவளிடம் போய்ப் பழைய காலம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 2018க்கு முந்தைய டார்க்ஷோர் கிடைக்கும். அதில் ஆபர்டைன் ஏற்கெனவே இடிந்து கிடக்கும். அவளுடைய நினைவு 2010க்கு அந்தப் பக்கம் போகாது.

பழையது யாருக்கும் வேண்டாம் என்ற வாதமும் நிற்கவில்லை. பழைய சர்வர் வேண்டும் என்று 2013இல் பிளிஸ்கான் என்ற அவர்களுடைய ரசிகர் மாநாட்டு மேடையின் முன்னால் ஒரு ரசிகர் கேட்டபோது, உங்களுக்கு வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்தது. எங்களுக்கு எது வேண்டும் என்று எங்களுக்கே தெரியாதாம்! நாஸ்டால்ரியஸ் என்ற பெயரில் ரசிகர்கள் தாங்களாக நடத்திய பழைய உலகத்தை 2016 ஏப்ரலில் வழக்கறிஞர் நோட்டீஸ் மூடவைத்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். கடைசியில் 2019 ஆகஸ்டில் கிளாசிக் என்ற பெயரில் அந்தப் பழைய உலகத்தை நிறுவனமே திறந்தது. முதல் நாள் உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை. வேண்டாம் என்றவர்கள் எங்கே போனார்கள்?

கிளாசிக்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன புலம்பல் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிளாசிக்கின் தொடக்க உலகம் இன்னும் நிலையான சர்வர்களில் இருக்கிறது. அந்த மட்டில் நன்றி. ஆனால் அடுத்தடுத்த விரிவாக்கங்களுக்கு முன்னேறிப் போன சர்வர்களைப் பாருங்கள். 2021இல் பர்னிங் க்ரூசேட், 2022இல் ராத் ஆஃப் த லிச் கிங், 2024 மே மாதம் மறுபடி கேட்டக்ளிசம். ஒவ்வொன்றும் முந்தையதை விழுங்கிக்கொண்டு வந்தது. ராத் காலத்திலேயே நின்றுவிடுகிறோம், ஒரு சர்வராவது விட்டுவையுங்கள் என்று எத்தனை பேர் கெஞ்சினார்கள்! விடவில்லை. ராத்கேட்டுக்குப் பிறகு அண்டர்சிட்டிப் படையெடுப்பு அந்தச் சர்வர்களில் திரும்பக் கிடைத்திருந்தது. மீண்டும் கிடைத்ததை மீண்டும் அழித்தார்கள். பிரளயம் ஒரு முறை நடந்தால் கதை. அதே மக்கள் மேல் இரண்டாம் முறை, விளைவு தெரிந்தே நடத்தினால் அதற்குப் பெயர் கதை இல்லை.

கொடுக்கிறேன் என்று சொல்லிக் கொடுக்காமல் போனவையும் உண்டு. 2013இல் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார் என்ற விரிவாக்கத்தை அறிவித்தபோது, காரபோர் கோயிலும் பிளேட்ஸ்பயர் கோட்டையும் இரு தரப்புக்கும் தலைநகரங்கள் என்றார்கள். மறுவருடம் வெளிவரும்முன்பே அது மாறி, ஆஷ்ரன் தீவின் ஓரத்தில் இரண்டு சிறிய முகாம்கள்தான் கிடைத்தன. காரபோரைப் போய்ப் பாருங்கள். கடலைப் பார்த்தபடி நிற்கும் அத்தனை அழகான கோயில், தலைநகரமாகாமலே கிடக்கிறது. கேட்டக்ளிசத்தில் வருவதாக இருந்த அபிஸ்ஸல் மா என்ற இடம் வராமலே போனது. கடலடி உலகமான வாஷியிர் கதை அங்கேதான் முடிந்திருக்க வேண்டும்; முடியாமலே அறுந்து தொங்குகிறது.

உலகம் மாறத்தான் செய்யும், பழசையே பிடித்துக்கொண்டு நிற்காதே என்று சக விளையாட்டுக்காரர்கள் சிலர் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது. நிஜ உலகத்தில் வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போனால் யாரையும் நோக முடியாது. இங்கே வெள்ளமும் ஒரு மனிதர் எடுத்த முடிவு. ஊரும் எங்கோ ஒரு கணினியில் பத்திரமாக இருக்கிறது. அது கிளாசிக்கிலேயே நிரூபணமாகிவிட்டது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஸிடோர்மியை டார்க்ஷோரில், தவுசண்ட் நீடில்ஸில், ஹில்ஸ்பிராட்டில், பேரன்ஸில் நிறுத்தி 2010 நவம்பர் 22 வரை போகும் வழியைக் கொடுங்கள். குவெஸ்ட் வேண்டாம், பரிசு வேண்டாம், பறக்கவும் வேண்டாம், நடக்கவிட்டால் போதும். அண்டர்சிட்டிப் படையெடுப்பை ராத்கேட்டுக்குப் பின்னால் அது இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். ராத் காலத்துக்கு ஒரே ஒரு நிலையான சர்வர் ஒதுக்குங்கள். கரஸான் நிலவறையின் இரும்புக் கதவைப் பருவகாலம் பார்க்காமல் எல்லா சர்வர்களிலும் திறந்துவிடுங்கள். மாதாமாதம் சந்தாவை வாங்கிக்கொள்கிறீர்கள் அல்லவா, அந்தப் பணத்தில் இதைச் செய்யுங்கள்.