சார்ளி சப்ளின் ஊமை இல்லை

"பிறவி ஊமை சார்ளி சப்ளின் உலகையே சிரிக்க வைத்தார்" என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. பொய். பெற்றோர் இருவருமே மேடைப் பாடகர்கள், அவரும் சின்ன வயதிலேயே மேடையேறியவர். 1914இல் சினிமாவுக்கு வந்தபோது படத்தோடு குரல் வரும் வசதி பரவியிருக்கவில்லை, அவ்வளவுதான். பேசும் படங்கள் வந்த பிறகும் நாடோடி வேடத்தில் அவர் வேண்டுமென்றேதான் பேசவில்லை, சைகை எல்லா நாட்டாருக்கும் விளங்கும் என்று.

1936இல் வந்த 'மொடேர்ன் டைம்ஸ்' பாருங்கோ. பாட்டு வரிகளை எழுதிவைத்த சட்டைக் கைப்பட்டி, அவர் கையை வீசியதும் கழன்று பறந்துவிடும், உடனே அர்த்தமில்லாத சொற்களைப் போட்டுப் பாடிக்கொண்டே முழுக் கதையையும் சைகையால் நடித்துக் காட்டுவார். என்ன நடிப்பு! அது அவருடைய சொந்தக் குரல். 1940இல் 'த கிரேட் டிக்டேட்டர்' முடிவில் கமராவைப் பார்த்து நீண்ட உரையே ஆற்றுகிறார். அந்த வட்ஸ்அப் படத்தை அனுப்பியவருக்கு இந்த இரண்டு காட்சிகளையும் அனுப்பிவிடுங்கோ.