"செலக்ட்"னு பார்த்தாலே காம்பினேஷன் போடாதீங்க

"கேள்வில செலக்ட்னு வந்தா காம்பினேஷன், அரேஞ்ச்னு வந்தா பெர்முடேஷன், யோசிக்கவே வேணாம்"னு ஒரு ஷார்ட்கட் ஃபார்வேர்ட் ஆகிட்டே இருக்கு. தப்புங்க இது, மார்க் போயிடும். (காம்பினேஷன்னா வரிசை பார்க்காம எத்தனை விதமா எடுக்கலாம்ங்கிற கணக்கு, பெர்முடேஷன்னா வரிசை மாறினாலும் தனித்தனியா எண்ணுற கணக்கு.)

10 பேர்ல 3 பேரை கமிட்டிக்கு செலக்ட் பண்ணணும், சரி, காம்பினேஷன்தான், 120 வழி. அதே 10 பேர்ல தலைவர், செயலாளர், பொருளாளர் செலக்ட் பண்ணுங்கன்னா? வார்த்தை அதேதான், ஆனா தலைவரையும் செயலாளரையும் மாத்திப் போட்டா ரிசல்ட்டே வேற, அதனால 10 × 9 × 8 = 720, அதாவது பெர்முடேஷன். ஒவ்வொரு மூணு பேரையும் 6 விதமா பதவில உட்கார வைக்கலாம்ல, அந்த 6 தான் 120-ஐ 720 ஆக்குது.

தலைகீழாவும் வரும். ஒரே மாதிரி 3 சிவப்பு பந்து, 2 நீல பந்து, வரிசையா அரேஞ்ச் பண்ணச் சொன்னா 5! (அதாவது 5 × 4 × 3 × 2 × 1) = 120னு எழுதிடுவாங்க, ஆனா 5 இடத்துல நீலத்துக்கு எந்த 2 இடம்னு முடிவு பண்ணாலே வேலை முடிஞ்சுது, அந்த ரெண்டு நீலத்தையும் தங்களுக்குள்ள மாத்தி வச்சாலும் அதே வரிசைதான், அதனால காம்பினேஷன், விடை வெறும் 10.

வார்த்தைய விடுங்க, எடுத்ததுல ரெண்ட இடம் மாத்திப் பாருங்க, புதுசா ஒண்ணு கிடைச்சா பெர்முடேஷன், இல்லன்னா காம்பினேஷன். (நம்பர் பூட்டுக்கு காம்பினேஷன் லாக்னு பேர் வச்சவர் 1-2-3க்கு பதிலா 3-2-1 போட்டுப் பார்க்கல போல!)