மயானக் கொள்ளையில் புதைகுழியைத் தோண்டுவதில்லை

‘வேலூர்ல மயானக் கொள்ளை அன்னிக்குப் புதைகுழியைத் தோண்டி எலும்பைக் கொள்ளையடிப்பாங்க, இது நம்மூர் ஹாலோவீன்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

மயானக் கொள்ளை அங்காளம்மன் கோயில் திருவிழா. அதில் கொள்ளை போவது படையல்தான். மகா சிவராத்திரியை அடுத்து, மாசி அமாவாசையை ஒட்டி, தோட்டப்பாளையம், விருதம்பட்டு பக்கத்துத் தேர்கள் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வரும். அங்கே மண்ணைக் குழைத்து, படுத்த கோலத்தில் ஓர் உருவம் செய்து, மஞ்சள் குங்குமம் இட்டிருப்பார்கள். அதன்மேல் கொழுக்கட்டை, சுண்டல், காய்கறி, சில்லறைக் காசு. அம்மன் வந்ததும் உருவம் கலைக்கப்படும், படையல் சூறை விடப்படும். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலம் (பிரம்மனின் மண்டை ஓடு), அங்காளம்மன் இறைத்த சோற்றைத் தின்ன இறங்கியபோது, அவள் அதை மிதித்து அடக்கிய கதையின் நினைவு இது. படங்களில் காளி வேடக்காரர் வாயில் எலும்பு இருக்கலாம். அது வேண்டுதல் வேடம்.

ஹாலோவீன், பேய் வேடம் போடும் மேல்நாட்டு விழா, அக்டோபர் 31. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் கல்லறைமேல் துலுக்கச் சாமந்தி பரப்பி, இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்கிறார்கள். அந்த மெக்சிகோ வழக்கம்கூட நம் மகாளய அமாவாசைப் படையலுக்குத்தான் உறவு, மயானக் கொள்ளைக்கல்ல.

சூறை விடும்போது கூட்டம் ஒரே பக்கம் சாயும். குழந்தையோடு முன்வரிசையில் நிற்காதீர்கள்.