ஆபரேஷன் செய்யாததும் வைத்தியம்தான்

அம்மாவின் கை உடைந்ததைப் பற்றிய என் பதிவின் கீழே நேற்று வந்த பின்னூட்டத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "எலும்பு மூன்று துண்டாகக் கிடக்கிறது, ஒரு துணியைக் கழுத்தில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள், மகளும் செலவு மிச்சம் என்று கூட்டி வந்துவிட்டாள்." எழுதியவர் வேற்று மனிதர் என்றால் கடந்து போயிருப்பேன். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்.

அம்மாவுக்கு 74 வயது. உடைந்திருப்பது மேற்கை எலும்பின் மேல்முனை, தோள்மூட்டை ஒட்டிய பகுதி. எலும்பு மெலிந்த வயதில் தடுக்கி விழுந்தாலே உடைகிற இடம் அது. மருத்துவர் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்தார். பந்து கிண்ணத்தை விட்டு விலகவில்லை, நரம்பும் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டார். அதன் பிறகுதான் ஆபரேஷன் வேண்டாம் என்றார். அது யோசித்து எடுத்த முடிவு, கைகழுவியது அல்ல.

பிரிட்டனில் இப்படி எலும்பு விலகி உடைந்த 250 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்கு ஸ்லிங்கும் (கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் துணி) பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். புரோஃபெர் என்ற அந்த ஆய்வு 2015இல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்துக் கை எப்படிப் பயன்படுகிறது என்று பார்த்தால், இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டு கழித்தும் அதே நிலைதான். ஆபரேஷன் செய்து, திருகாணி போட்டு எலும்பில் பிளேட் என்ற உலோகத் தகடு வைத்தால் மட்டுமே வைத்தியம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு என்னிடம் வரட்டும்.

"வெள்ளைக்காரன் எலும்பும் நம் எலும்பும் ஒன்றா?" என்று ஒருவர் கேட்டார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது!

"கோணலாகச் சேர்ந்துவிடுமே?" கொஞ்சம் கோணலாகத்தான் சேரும். தோள் எல்லாப் பக்கமும் சுழலும் மூட்டு, அந்தக் கோணலை ஈடுகட்டிக்கொள்ளும். மெலிந்த எலும்பில் திருகாணி பிடிமானம் இல்லாமல் மூட்டுக்குள் துருத்திக்கொண்டு வருவதும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"என் மச்சானுக்கு பிளேட் வைத்தார்கள்" என்பவருக்கு: அவருக்கு வண்டி மோதி, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அதற்கு ஆபரேஷன்தான் செய்ய வேண்டும். ரத்தக்குழாய் அறுந்தாலும், மூட்டு நழுவி உடைந்தாலும் அப்படித்தான். ஆனால் மேற்கை எலும்பின் நடுத்தண்டு உடைந்தவர்களுக்குக்கூட சார்மியெண்டோ என்ற மருத்துவர் 1970களிலேயே கழற்றி மாட்டும் உறை போட்டுக் குணப்படுத்திக் காட்டினார். உறை போட்டவர்களில் சிலருக்கு எலும்பு சேராமல் பின்னால் ஆபரேஷன் தேவைப்படும், மறுக்கவில்லை. ஆளுக்கு ஆள், உடைந்த இடத்துக்கு இடம் வைத்தியம் மாறும் என்பதைத்தானே சொல்கிறேன்?

புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னவர்களும் உண்டு. அன்பில் சொன்னார்கள், தெரியும். வீங்கிய கையை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று விரலே போகலாம். அம்மாவின் கையில் அதைச் சோதித்துப் பார்க்க மாட்டேன்.

பார்க்க வந்தவர்கள் கன்றிப்போன கையைக் கண்டு பதறினார்கள். தோளில் கசிந்த ரத்தம் முழங்கை வரை இறங்கிக் கருநீலமாகி, பிறகு மஞ்சளாகி மறையும். மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதைக் காட்டி அம்மாவின் காதுபடவே "இப்படி விட்டுவிட்டார்களே" என்றார்கள். அன்று இரவு அம்மா என்னிடம், "உன்னிடம் பணம் இல்லையென்றால் என் வளையலை வைத்துக்கொள்" என்றார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஸ்லிங் மாட்டியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். படுத்தால் வலிக்கிறது என்று அம்மா தலையணைகளில் சாய்ந்தே தூங்குகிறார். அக்குளைத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, மடித்த துணி வைக்க வேண்டும். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு வட்டம் போட வேண்டும், இல்லாவிட்டால் தோள் இறுகிவிடும். முதலில் சின்னத் தட்டளவு வட்டம், இப்போது தோசைக்கல் அளவுக்கு வந்திருக்கிறது. பில் தொகையைப் பார்த்துப் பாசத்தை அளப்பவர்கள் கண்ணில் இதெல்லாம் எப்படிப் படும்?

வருவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு வாருங்கள். அது அம்மா பயிற்சி செய்யும் நேரம். பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்ல ஆள் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் செய்வார். பிளேட்டைப் பற்றி மட்டும் அவரிடம் பேசாதீர்கள்.